கூடக் கேட்க ஆளில்லாத பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்கள் பகுதியில் பாடல்களின் தரம் குறித்த விவாதம் எப்போது தொடங்கினாலும் அதை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். இன்றைய பாடல்களில் சொல் இல்லை, சத்தம்தான் இருக்கிறது என்று மூத்தவர்கள் எழுதுகிறார்கள். பழைய பாடல்களைக் கேட்டால் தூக்கம்தான் வருகிறது என்று இளையவர்கள் பதில் எழுதுகிறார்கள். இரு தரப்பிலும் உண்மையான அக்கறை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தையல் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் பாட்டு கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவள் என்ற முறையிலும், நினைவு தப்பிய தாயைப் பாட்டின் துணைகொண்டே ஐந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் என்ற முறையிலும், கேட்க வேண்டிய கேள்வியை இந்த விவாதம் தொடாமலே போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் கேட்கும் பாட்டை யாரோடு சேர்ந்து கேட்கிறோம், நமக்குப் பிடித்த பாட்டு எதுவென்று நம் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமா என்பதுதான் அந்தக் கேள்வி. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

தரம் பற்றிய புகார் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கிறது. 1816இல் இங்கிலாந்தின் அரச விருந்து ஒன்றில் வால்ட்ஸ் நடனம் இடம்பெற்றபோது, லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் அதைக் கடுமையாகக் கண்டித்து, பெற்றோர்கள் தங்கள் மகள்களை இந்தத் தொற்றிலிருந்து காக்க வேண்டும் என்று எழுதியது. 1920களில் ஜாஸ் இசை இளைஞர்களைக் கெடுக்கிறது என்றார்கள். 1957 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியபோது, அவருடைய இடுப்பசைவு வீடுகளுக்குள் போய்விடக் கூடாது என்று கேமராவை இடுப்புக்கு மேலேயே நிறுத்தி வைத்தார்கள். இவையெல்லாம் இன்று பெரியவர்கள் மரியாதையோடு பேசும் இசையாகிவிட்டன. ஆகவே எந்தப் பாட்டு நிற்கும், எது மறையும் என்பதைக் காலத்திடம் விட்டுவிடலாம். நம் கையில் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தையல் கூடத்தில் நான்கு வரிசைகளில் 40 மெஷின்கள் இருந்தன. மேற்பார்வையாளரின் மேசைக்குப் பின்னால், சுவரில் அடித்த பலகை ஒன்றின் மேல் ஒரு ரேடியோ இருந்தது. மெஷின்கள் எல்லாம் ஓடும்போது அதிலிருந்து சொற்கள் தெளிவாகக் கேட்காது. மெட்டு மட்டும் இரைச்சலின் மேல் மிதந்து வரும். தெரிந்த பாட்டாக இருந்தால் விட்டுப்போன சொற்களை நாங்களே போட்டுக்கொள்வோம். தெரியாத பாட்டாக இருந்தால் பக்கத்து மெஷினிலிருந்து யாராவது முதல் அடியை எடுத்துக் கொடுப்பார்கள். காலர் தைக்கும் அக்கா ஒருவர் எந்தப் பாட்டையும் ரேடியோவைவிட அரை நொடி முன்னதாகவே பாடிவிடுவார். அவர் உதட்டைப் பார்த்தே அடுத்த வரியைத் தெரிந்துகொள்வோம். எங்கள் வரிசைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டே வேலை செய்தாள். மூன்றாம் நாள், எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வராத ஒரு சரணத்தை அவள் மட்டும் தடையில்லாமல் முழுதாகப் பாடினாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்று சாப்பாட்டு இடைவேளையில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள்.

எந்த அலைவரிசை வைப்பது என்று எங்களுக்குள் சண்டையும் வந்ததுண்டு. தலைவலியோடு வந்த ஒருத்திக்காக ஒரு நாள் முழுவதும் ரேடியோவை அணைத்து வைத்ததும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கலாம், ஏன் குறைத்தாய் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தத் திருகு எல்லோருடைய கைக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் திரும்ப வருகிறேன்.

ஒரு பிற்பகல், பாட்டொன்றில் பல்லவி முடிந்து சரணத்தின் இரண்டாம் அடி போய்க்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. ரேடியோவும் 40 மெஷின்களும் ஒரே நொடியில் அடங்கின. அந்த அமைதியில்தான் ஒன்று தெரிந்தது: கூடத்தில் இருந்த ஏறக்குறைய எல்லோருமே பாடிக்கொண்டிருந்தோம். மெஷின் சத்தத்தில் அவரவர் குரல் அவரவருக்கே கேட்காமல் பாடியிருக்கிறோம். திடீரென்று எல்லாக் குரலும் வெளியே தெரிந்துவிட்டதில் ஒரு கணம் கூச்சத்தோடு நிறுத்தினோம். காலர் அக்கா மட்டும் நிறுத்தவில்லை. அவர் மூன்றாம் அடியை எடுத்தார், பின்னாலேயே எல்லோரும் சேர்ந்துகொண்டோம். அந்தப் பாட்டை வாத்தியம் எதுவும் இல்லாமல் கடைசி வரை பாடி முடித்தோம். மின்சாரம் திரும்பி வர எவ்வளவு நேரமாயிற்று என்பது நினைவில்லை. அந்தச் சரணம் எந்தச் சுருதியில் ஒலித்தது என்பது இன்றும் என் காதில் இருக்கிறது.

வேலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. துடுப்பு வலிப்பவர்களும் நாற்று நடுபவர்களும் பாரம் இழுப்பவர்களும் உலகம் முழுவதும் பாடித்தான் வேலை செய்திருக்கிறார்கள். இயந்திரம் வந்தபின் அதன் இரைச்சலில் மனிதக் குரல் அமிழ்ந்துபோனது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1940 ஜூன் மாதத்தில், ஆலைத் தொழிலாளர்களுக்காகவே பிபிசி வானொலி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, காலையில் அரை மணி நேரமும் பிற்பகலில் அரை மணி நேரமும் இடைவிடாத இசையை ஒலிபரப்பியது. 1967 வரை அது நடந்தது. உற்பத்தி குறையாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மெல்லிய பகுதிகள் ஆலைச் சத்தத்தில் காணாமல் போய்விடும் என்பதால் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத இசையாகவே தேர்ந்தெடுத்தார்கள். கைதட்டல் வரும் ஒரு பாட்டை மட்டும் விலக்கி வைக்க வேண்டியதாயிற்று. தட்டல் வரும் இடத்தில் தொழிலாளர்கள் கையில் இருந்த கருவிகளால் இயந்திரத்தின் மேலேயே தட்டிவிடுவார்கள் என்ற அச்சம்தான் காரணம். நிர்வாகம் எதற்காகக் கொடுத்தாலும், பாட்டைக் கேட்டவர்கள் அதை ஒன்றுசேர்வதற்குத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை அந்தத் தட்டலே சொல்கிறது.

எங்கள் கூடத்து ரேடியோ ஒரு நாள் கழற்றப்பட்டது. அலைவரிசைச் சண்டைகள் அதிகமாகிவிட்டன, அவரவர் செல்பேசியில் ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து அவரவர் பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. அது பெரிய சலுகையாகத்தான் எங்களுக்கு அப்போது பட்டது, நானும் மகிழ்ந்தேன். பிடிக்காத பாட்டைச் சகிக்க வேண்டியதில்லை, யாரோடும் சண்டையில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடியும் ஒரு நாள் மின்சாரம் நின்றது. இம்முறை மெஷின்கள் மட்டும்தான் நின்றன. செல்பேசிகள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு பாட்டு காதுக்குள் தொடர்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு அவரவர் திரையைப் பார்த்தோம். காலர் அக்கா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். எனக்குப் பக்கத்து மெஷினில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதற்கடுத்த ஆண்டு வேலையை விட்டுப் போனாள். அவள் பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியும், அவளுக்கு எந்த முழங்காலில் வலி என்பது தெரியும். அவள் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

இயர்போனைக் குற்றம் சொல்லி எழுதுகிறேன் என்று இளைய வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. வீட்டில் தனக்கென்று ஓர் அறை இல்லாதவளுக்கு இரண்டு காதுகளுக்கு நடுவே ஓர் அறையைக் கட்டித் தந்த கருவி அது. அப்பாவுக்குப் பிடிக்காத இசையை மகன் பயமில்லாமல் கேட்க முடிகிறது. ஊரைவிட்டு வந்து அந்நிய மொழி நடுவே வேலை பார்ப்பவர் தன் மொழிப் பாட்டைக் கூட்டத்துக்கு நடுவிலும் கேட்க முடிகிறது. 1954இல் கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தபோதே, வரவேற்பறை வானொலியின் பிடியிலிருந்து இளைஞர்களின் பாட்டு விலகி வரத் தொடங்கியது. அந்த விடுதலை தேவையான விடுதலைதான். என் வருத்தம், விடுதலையோடு சேர்ந்து போய்விட்ட வேறொன்றைப் பற்றியது.

அதை முன்பே உணர்ந்தவர்கள் தனியே பாட்டு கேட்கும் கருவிகளைச் செய்தவர்களிடையே இருந்தார்கள் என்பது எனக்கு வியப்பளித்த செய்தி. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வெளியிட்ட, கையில் எடுத்துச் செல்லும் ஒலிநாடாக் கருவியான முதல் வாக்மேனில் இயர்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் தாழ்ந்து, கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் ஒரு சிறு மைக் வழியே பேசிக்கொள்ளலாம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியே பாட்டு கேட்பது மரியாதைக் குறைவு என்று அந்நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டா கருதினார். வாங்கியவர்களுக்கு அந்த இரண்டாம் துளை தேவைப்படவில்லை. அடுத்தடுத்து வந்த கருவிகளில் பொத்தானும் மறைந்தது, துளையும் மறைந்தது. இன்று ஒரு பெட்டிக்குள் இரண்டு சிறு கருவிகளாக வரும் கம்பியில்லா இயர்போனில் ஒன்றை எடுத்துத் தோழியின் காதில் வைக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அந்த இரண்டாம் துளையை அவர்கள் தாங்களாகவே திரும்பக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எண்ணி மனம் நிறைகிறது.

இனி என் தாயாரைப் பற்றி. கடைசி ஐந்து ஆண்டுகளில் அவருக்கு நினைவு மெல்ல மெல்லத் தப்பியது. முதலில் நாள், கிழமை போனது. பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர். பிறகு என் பெயர். ஒரு கட்டத்தில் நான் யார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தன்னைக் குளிப்பாட்ட வருகிறாள் என்று பயந்து, என் கையைத் தட்டிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நாட்களில் ஒரு காலை, வேறு வழி தெரியாமல், அவர் எனக்குச் சிறு வயதில் தலை வாரிவிடும்போது பாடும் ஒரு பாட்டை மெதுவாகத் தொடங்கினேன். கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இரண்டாம் அடியின் கடைசிச் சொல் எனக்கு மறந்துபோய் நான் நிறுத்தியபோது, அந்தச் சொல்லை அவர் சொன்னார். வாரக்கணக்கில் ஒரு முழுச் சொல்கூடச் சரியாக வராத வாய் அது.

அதன்பிறகு வேண்டுமென்றே ஒவ்வோர் அடியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். நிறுத்துவேன்; அவர் என் முகத்தைப் பார்ப்பார்; சொல் வரும். சில நாட்களில் சொல் வராது, ஆனால் அதன் சுருதி சரியாக வரும். நான்கு பாட்டில் குளியல் முடியும், இரண்டு பாட்டில் மாத்திரை இறங்கும். அவரைப் பார்க்க வந்த மருத்துவர், பேச்சை ஆளும் பகுதிகள் பழுதான பின்னும் பழகிய பாட்டு மூளையில் நெடுநாள் தங்கும் என்று விளக்கினார். குறிப்பாகப் பதின்பருவத்திலும் இருபதுகளிலும் கேட்ட பாடல்களே கடைசி வரை நிற்கும் என்றார். அவர் சொன்னது போலவேதான் இருந்தது. அம்மாவின் நாற்பது வயதுக்குப் பிறகு வந்த பாட்டு எதுவும் பலிக்கவில்லை.

ஆனால் மருத்துவர் சொல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் அன்றிரவு தூங்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பதின்பருவப் பாட்டுகள் எனக்கு எப்படித் தெரிந்தன? அவர் வேலை செய்துகொண்டே அவற்றை வாய்விட்டுப் பாடினார். வீட்டில் ஒரே ஒரு ரேடியோதான் இருந்தது. அவர் கேட்டதை நாங்களும் கேட்டோம், பிடித்ததோ பிடிக்கவில்லையோ. அவருடைய பாட்டுகள் எனக்குள் இருந்ததால்தான், அவரிடமிருந்து அவை நழுவியபோது நான் எடுத்துக் கொடுக்க முடிந்தது. அம்மா தன் வாழ்நாள் முழுதும் தனியே இயர்போனில் கேட்டிருந்தால், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காலையில் எதைப் பாடுவதென்று எனக்குத் தெரிந்திருக்காது. நாளைக்கு நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் என் மகன் எதைப் பாடுவான்? அவன் நின்றால் அவன் பிள்ளைகள் எதைப் பாடுவார்கள்? இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்துதான் பாட்டின் தரம் பற்றிய விவாதத்தில் எனக்கு ஆர்வம் குறைந்தது.

சேர்ந்து கேட்க வேண்டும் என்று சொன்னவுடன், ஒலிபெருக்கியை வைத்து ஊருக்கே பாட்டு போடுவதை நான் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேருந்தில் செல்பேசியை உரக்க வைத்துக்கொண்டு வருபவரும், காத்திருப்புக் கூடத்தில் நிறுத்த முடியாத இசையை ஓடவிடும் நிறுவனமும் செய்வது பகிர்வாகாது, திணிப்பு. தையல் கூடத்து ரேடியோவின் திருகு எல்லோருக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது என்று முன்பு எழுதினேன். பகிர்வுக்கும் திணிப்புக்கும் வேறுபாடு அந்தத் திருகில்தான் இருக்கிறது. போதும் என்று ஒருவர் சொல்லலாம், சொன்னால் மற்றவர் கேட்பார் என்ற நிலை இருந்தால் அது கூட்டாகக் கேட்பது. சொல்ல வழியே இல்லையென்றால் எவ்வளவு இனிய பாட்டானாலும் அது தொல்லை.

இதில் நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பயணிகள் வண்டிகளுக்குள் வானொலி இசையையும் விளம்பரங்களையும் ஒலிபரப்பியதை எதிர்த்து இரு பயணிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1952இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்று அந்த ஒலிபரப்பை அனுமதித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், தன்னைத் தன்பாட்டில் இருக்க விடும்படி கேட்கும் உரிமையிலிருந்துதான் சுதந்திரமே தொடங்குகிறது என்று வாதிட்டார். ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற நீதிபதியோ, அந்த வண்டி இசையால் தாமே துன்பப்பட்டவர் என்பதால் நடுநிலையாக இருக்க முடியாது என்று கூறி விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். 1969இல் யுனெஸ்கோவுடன் இணைந்த சர்வதேச இசை மன்றம் பாரிஸில் கூடியபோது, பதிவு செய்த இசையைப் பொது இடங்களில் அளவின்றிப் பயன்படுத்துவது ஒவ்வொருவருக்கும் உள்ள அமைதிக்கான உரிமையை மீறுவதாகும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இசையையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் அமைதிக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதை ஒலிபெருக்கி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

செவியின் நலத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபலுக்கு உயர்ந்தால் 4 மணி நேரத்திலேயே அந்த எல்லை வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தையல் கூடத்தின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக நாங்கள் இயர்போனின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதன் விலையை என் இடது காது இப்போது செலுத்திக்கொண்டிருக்கிறது.

இன்று திணிப்பும் தனிமையும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. இணையச் சேவைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டியல் தயாரித்துத் தருகின்றன. நேற்று நான் கேட்டதை வைத்து நாளை நான் கேட்கப்போவதைத் தீர்மானிக்கின்றன. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. ஆகவே முதல் 30 நொடிக்குள் ஆளைப் பிடித்து வைக்கும்படி பாட்டைச் செய்ய வேண்டிய நெருக்கடி இசையமைப்பவருக்கு வருகிறது. இதிலும் புதுமை ஒன்றுமில்லை என்பார்கள். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம் மட்டுமே பிடித்த பழைய இசைத்தட்டுதான் பாட்டின் நீளத்தையே முடிவு செய்தது என்பதும் உண்மை. ஆனால் இசைத்தட்டை வாங்கி வந்தவர் அதை வீட்டு நடுவில் வைத்துத்தான் போட்டார். எனக்கென்றே தயாரான பட்டியலை நான் யாரிடமும் எடுத்துக்கொடுக்க முடியவில்லை, அது என்னைத் தவிர வேறு யாருக்கும் பொருந்துவதும் இல்லை.

அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் ஜான் பிலிப் சூசா, 1906இலேயே தானாக இசை ஒலிக்கும் இயந்திரங்களைப் பற்றிக் கவலையோடு எழுதினார். இயந்திரம் பாடத் தொடங்கிவிட்டால் மக்கள் பாடுவதை விட்டுவிடுவார்கள், தாய் தாலாட்டுப் பாடுவதற்குப் பதிலாக இயந்திரத்தை முடுக்கிவிடும் நாள் வரும் என்றார். அவர் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. பாட்டுப் பதிவு வந்ததால்தான் எங்கள் கூடத்தில் இருந்த 40 பேருக்கும் ஒரே பாட்டு தெரிந்திருந்தது. அதைக் கேட்டு நாங்கள் பாடினோம், வாயை மூடிக்கொள்ளவில்லை. ஆயினும் அவர் கவலையில் ஒரு பாதி மெய்யாகிவிட்டது. 'எனக்குப் பாட வராது' என்று இன்று பெரியவர்கள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்! திருத்தி, மெருகேற்றிப் பதிவு செய்த குரலையே நாள் முழுவதும் கேட்டுப் பழகிய காதுக்குத் தன் சொந்தக் குரல் கூச்சம் தருகிறது.

அந்தக் கூச்சத்தைப் போக்கியதால்தான் கரோக்கி உலகமெங்கும் பரவியது என்று நினைக்கிறேன். 1971இல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே என்ற வாத்தியக் கலைஞர், பின்னணி இசை மட்டும் ஒலிக்கும் பெட்டிகளைச் செய்து வாடகைக்கு விட்டார். அதற்கு அவர் காப்புரிமைகூடப் பெறவில்லை. நன்றாகப் பாடுவது அங்கே நிபந்தனை இல்லை, எழுந்து நிற்பதுதான் நிபந்தனை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பின் அறியாத பெரியவர்கள் சேர்ந்த வகுப்புகளை ஏழு மாதங்கள் கவனித்தார்கள். கைவேலை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களைவிடப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் விரைவாக நெருக்கமானார்கள். ஏழு மாத முடிவில் மற்ற வகுப்பினரும் அதே அளவுக்கு நெருங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டு அந்த வழியைக் குறுக்கியது. எங்கள் வரிசைக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாளே இடம் கிடைத்தது போல. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் வீட்டுக்குள் அடைபட்ட இத்தாலிய மக்கள் மாடி முகப்புகளில் நின்று பாடியபோது, எதிர்வீட்டுக்காரரின் முகத்தை அதுவரை சரியாகப் பார்த்தேயிராதவர்களும் அவரோடு சேர்ந்து பாடினார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்கள் இரண்டு. தங்கள் வார இணைப்பில் திரைக்கலைஞர்களுக்கும் பாடகர்களுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் கால் பக்கத்தை வாசகர்களுக்குக் கொடுங்கள். ஒருவர் தன் வீட்டு மூத்தவரிடம் கேட்டு, அவருடைய இருபது வயதில் அவர் கேட்ட ஐந்து பாட்டுகளை எழுதி அனுப்பட்டும். எந்த இடத்தில், யாரோடு, எந்த வேலையின் நடுவே கேட்டார் என்பதையும் ஓரிரு வரியில் எழுதட்டும். பாட்டைப் பற்றிய மதிப்புரை அதில் வேண்டாம். அடுத்ததாக, முதியோரைப் பராமரிக்கும் இல்லங்களும் மருத்துவமனைகளும் ஒருவரைச் சேர்க்கும்போது நிரப்பும் படிவத்தில், உண்ணும் மாத்திரைகளுக்கும் ஒவ்வாத மருந்துகளுக்கும் கீழே, அவருக்குத் தெரிந்த பாட்டுகளுக்கென்று நான்கு வரி இடம் விட வேண்டும் என்று தாங்கள் தலையங்கத்தில் வலியுறுத்த வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. என் தாயாரைச் சில வாரம் சேர்த்திருந்த இடத்தில் அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால், இரவில் அவர் கத்தியபோதெல்லாம் அவரைக் கட்டிலோடு கட்டிவைக்க வேண்டிய தேவை வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். அங்கிருந்த செவிலியர்கள் இரக்கமில்லாதவர்கள் அல்லர். அவரிடம் எதைப் பாடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் என் மகனிடம், அவன் இயர்போனில் கேட்பவற்றை எனக்கும் அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். காரணத்தைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 43 பாட்டுகள் கொண்ட ஒரு பட்டியலை அனுப்பினான். இதுவரை 11 கேட்டிருக்கிறேன். பல பாட்டுகளின் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஒன்றின் பல்லவி மட்டும் மெஷினில் உட்காரும்போது தானாகவே வாயில் வருகிறது. நான் அதைத் தப்பாகப் பாடுகிறேன் என்று அடுத்த அறையிலிருந்து திருத்துகிறான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்ட நாள் வாசகி